வெட்டுப் போட்ட தொப்பி

எங்கள் சித்தப்பாவிடம் குதிரை கிடையாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆம்பூரில் அவரைப் பார்த்த முக்கால்வாசிப் பேர் கேட்டது அதைத்தான். "இன்னா கவ்பாய், குதிரைய எங்க கட்டிட்டு வந்த?" என்பார்கள். அவரிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். அவர் அதை உதைத்து உதைத்துக் கிளப்புவதற்குள் பக்கத்தில் நிற்பவர் ஒரு டீயைக் குடித்தே முடித்துவிடலாம். கேட்டவர்களுக்குச் சித்தப்பா பதில் சொல்ல மாட்டார். தொப்பியின் முன்விளிம்பை இரண்டு விரலால் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

தொப்பி என்றால் திருவிழாக் கடையில் தொங்குகிற அட்டைத் தொப்பி இல்லை. அசல் மாட்டுத் தோல். காப்பிக்கொட்டை நிறம், இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்ட அகலமான விளிம்பு, சுற்றிலும் பின்னல் போட்ட தோல் கயிறு. அதற்குக் கீழே அழுத்துப் பொத்தான் வைத்த கட்டம் போட்ட சட்டை, சட்டைக்கு மேல் கையில்லாத தோல் கோட்டு, ஜீன்ஸ், உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பட்டை வைத்த பெல்ட், மூக்கு கூரான பூட்ஸ். இதெல்லாம் பண்டிகைக்கோ போட்டோவுக்கோ இல்லை. ரேஷன் கடைக்கு, முடி வெட்ட, கரண்ட் பில் கட்ட, எல்லாவற்றுக்கும் இதே உடுப்புதான். எங்கள் பக்கத்து வெயிலில் போட்டிருக்கிற சட்டையையே கழற்றி எறியத் தோன்றும். அதில் சட்டைக்கு மேல் தோலும் போட்டுக்கொண்டு அலைந்த ஒரே ஆள் அவர்தான். ஹெல்மெட் எங்கே என்று போலீஸ்காரர் நிறுத்தினால், ஹேண்டில்பாரில் தொங்குவதைக் காட்டி, "தொப்பி மேல ஏற மாட்டேங்குது சார்" என்பார். போலீஸ்காரரே சிரித்துவிட்டுப் போகச் சொன்ன நாட்களும் உண்டு.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. அவர் லோடு ஆட்டோ ஓட்டினார். பஜாரில் தம்பி எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். "ஊரே சிரிக்குது, எனக்குத்தான் பேஜாரு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவார். அம்மா மட்டும் சித்தப்பாவின் பக்கம். யாரையும் அடித்தானா, குடித்தானா, போட்டுக்கொண்டு போகட்டுமே என்பாள்.

ஏன் இப்படி உடுத்துகிறார் என்று நானே ஒருநாள் கேட்டேன். மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "உங்க தாத்தா தலையிலயும் தோலுதான் பாப்பா இருந்திச்சி. பச்சத் தோலு. தண்ணி கழுத்து வழியா முதுகுல எறங்கும். வீட்டுக்கு வந்தா நாங்க கிட்ட போவ மாட்டோம், அவ்ளோ நாத்தம். என் தலையிலயும் தோலுதான். சொட்டுதா பாரு." சொட்டவில்லை என்று நானும் பார்த்துச் சொன்னேன். தாத்தா தோல் ஷாப்பில், அதாவது பச்சைத் தோலைப் பதனிடுகிற இடத்தில், கூலிக்குத் தோல் சுமந்தவர், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

சித்தப்பாவின் உடுப்பெல்லாம் வந்தது அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து. வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற ஷூவும் இந்தக் கவ்பாய் சாமான்களும் அங்கே தயாராயின. சித்தப்பா அங்கே கட்டர், அதாவது தோலை அளவு பார்த்து வெட்டுகிறவர். தயாரான சாமானில் ஒரு கறை, ஒரு சுருக்கம், ஒரு தையல் விலகல் இருந்தாலும் அதைக் கழித்துவிடுவார்கள். கழித்ததை அப்படியே வெளியே விட்டால் நல்ல சாமான் என்று சொல்லி யாராவது விற்றுவிடுவார்கள் அல்லவா. அதனால் கத்தியை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் படுகிற இடத்தில், நாலு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுப் போடுவார்கள். வெட்டுப் போட்டதை யாராவது வேண்டும் என்று கேட்டால் சீட்டு எழுதி, ரெஜிஸ்டரில் ஏற்றி, கேட் வழியாகக் கொண்டுபோக விடுவார்கள். வெட்டுப் பட்டதை எவன் போட்டுக்கொள்ளப் போகிறான் என்பது கம்பெனியின் எண்ணம். சித்தப்பா போட்டுக்கொண்டார்.

வெட்டை அவரே தைப்பார். தோலை வெட்டுவதில் அவர் கை தங்கம், தைப்பதில் தகரம். கறுப்பு நூலைக் கோத்து, கோணி தைக்கிற மாதிரி இழுத்து இழுத்துத் தைத்திருப்பார். கோட்டின் முதுகில் ஒரு தையல். பூட்ஸில் ஒன்று, அது பேண்டுக்குள் மறைந்துவிடும். தொப்பியில்தான் மறைக்க வழியில்லை. பின்விளிம்பில், ஆபரேஷன் செய்த வயிறு மாதிரி, கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவர் முன்னால் பார்த்தபடி கம்பீரமாகப் போவார், பின்னால் போகிறவர்கள் அதைக் காட்டிச் சிரிப்பார்கள்.

அந்த வெட்டுதான் அவருக்கு லைசென்ஸ். தினமும் சாயங்காலம் கேட்டில் செக்கிங் நடக்கும்போது, தலையிலிருக்கிற தொப்பி கம்பெனித் தொப்பிதான் என்றாலும் திருடியது இல்லை என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே சாட்சி அது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கிழிந்து போனதைக் கம்பெனியில் தானம் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வயது. அஞ்சாம் வகுப்பு.

ஆனால் எனக்கு வேறொன்று நன்றாகத் தெரியும். தைக்கத் தெரியும்.

எங்கள் தெருவில் இருபது வீட்டிலாவது ஷூ தைத்தார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். அதைக் கம்பெனியில் வெட்டி, ஓட்டை குத்தி, ஜோடி ஜோடியாகக் கட்டிவிடுவார்கள். ஏஜென்ட் ஒருவர் பைக்கில் மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு போடுவார். கையால் தைக்க வேண்டிய முன்பக்கத்தைப் பெண்கள் தைத்துத் தர வேண்டும். தேன் கலரில் மெழுகு பூசிய நூல் ஒன்று அதற்கென்றே வரும். அம்மா தைத்ததும் சித்தப்பா வேலை பார்த்த அதே கம்பெனிக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எட்டு வயதிலேயே எனக்குத் தையல் பிடிபட்டுவிட்டது. என் விரல் சின்னது, அதனால் தையல் அம்மாவுடையதைவிட நெருக்கமாக விழும். ஒருமுறை ஏஜென்ட் நான் தைத்த ஜோடியைத் தனியாக எடுத்துத் தடவிப் பார்த்து, "இது யாரு தச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நான்தாங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல விடாத அம்மா என்ன அம்மா என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

வீட்டில் ஒரு விளையாட்டும் உண்டு. விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தெருவில் தெரியாத வண்டிச் சத்தம் கேட்டால் ஊசியைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு நான் புத்தகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவர் யாராவது வந்து கேட்டால், எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். யார் சீக்கிரம் புத்தகத்தை எடுக்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். பல நேரம் நான்தான் ஜெயிப்பேன்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. முப்பது தாண்டியும் அவருக்குப் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள், தொப்பியைப் பார்ப்பார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பெண்ணுக்கு நாட்றம்பள்ளி. பாலர் பள்ளியில் டீச்சர். தரகர் கொண்டுவந்த போட்டோவைச் சித்தப்பா ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு யாருக்கும் காட்டாமல் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். தொப்பியின் உட்புறம் நெற்றியில் படுகிற பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அங்கே. அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். எங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போவதாக முடிவாயிற்று. அப்பா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார், தொப்பி வந்தால் தான் வரமாட்டேன் என்று. அம்மாவும் முதல்முறையாகக் கெஞ்சினாள். "ஒரு நாளு மட்டும் கழட்டி வெச்சிட்டு வா தம்பி. அந்தப் பின்பக்கத் தையலப் பாத்தா, பிச்ச எடுத்துப் போட்டுக்கினான்னு நெனைப்பாங்க." சித்தப்பா, "அந்தப் பொண்ணு இது கூடத்தான அண்ணி குடித்தனம் பண்ணப் போவுது. மொதல்லயே பாத்துக்கட்டும்" என்றார்.

எனக்கு அம்மா சொன்ன வார்த்தை குத்திற்று. பள்ளிக்கூடத்திலும் ஒருத்தி அதையேதான் சொல்லியிருந்தாள். என்னைக் கூட்டிப்போக வந்த சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கிழிசல் தொப்பி என்று. எனக்கு அவர் தொப்பியோடு வர வேண்டும், பெண்ணும் கிடைக்க வேண்டும், அந்தக் கறுப்புத் தையல் மட்டும் கண்ணில் படக் கூடாது. இதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி என் விரலில் இருந்தது.

சித்தப்பாவின் தலையை விட்டுத் தொப்பி இறங்குவது வாரத்தில் ஒருநாள்தான். சர்ச்சுக்குள் தொப்பி போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, வேறு யாரோ மாதிரி, அவர் எங்களோடு ஆராதனைக்கு வருவார். தொப்பி ஆணியில் தொங்கும். அந்த ஞாயிறு நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். ஆலயமணி அடித்து ஓய்ந்ததும் எழுந்தேன்.

ஸ்டூல் போட்டு ஏறித் தொப்பியை எடுத்தேன். உள்ளே வியர்வை வாசம், போட்டோ. போட்டோவைப் பார்த்தேன். அந்த டீச்சர் அக்கா அழகாகத்தான் இருந்தாள். அதை எடுத்துப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் சித்தப்பாவின் கறுப்பு நூலைப் பிளேடால் அறுத்து ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கினேன். வெட்டு வாயைத் திறந்துகொண்டது. அம்மாவின் மூட்டையிலிருந்து தேன் கலர் நூல் ஒரு முழம். இரண்டு ஊசி. தோலின் மேல்பக்கம் ஊசி வெளியே வரக் கூடாது, பாதிக் கனத்திலேயே போய்ப் பாதிக் கனத்திலேயே திரும்ப வேண்டும். அம்மாவே பயந்து செய்கிற தையல் அது. இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். ரத்தம் தொப்பியில் படாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன். தைத்து முடித்ததும் அடிப்பக்கம் தோல் துணுக்கு ஒன்றைப் பட்டையாக நறுக்கி, சொல்யூஷன் தடவி, தையலை மூடி ஒட்டினேன். மேலே பிரவுன் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன், நல்ல இடமும் வெட்டின இடமும் ஒன்றாகும்வரை தேய்த்தேன். போட்டோவை இருந்த இடத்திலேயே செருகினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே வெட்டு என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் தைத்ததில்லை. எங்காவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது, இது நான் தைத்தது என்று. எழுதவில்லை. சித்தப்பாவே கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடித்து யார் செய்தது என்று கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் அவசரத்தில் இருந்தார். தொப்பியை எடுத்தார், உள்ளே ஒரு பார்வை, தலையில் வைத்தார், போய்விட்டார். தொப்பி போடுகிறவர்கள் பின்விளிம்பைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. மொபெட் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்க, கடையில் வாங்கின புதுத் தொப்பி மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் ஏஜென்ட் தெருவெல்லாம் விரட்டிக்கொண்டு வந்தார். நாளைக்கு ஆடிட், வாங்குகிறவர்களின் ஆட்கள் வருகிறார்கள், தைத்ததோ தைக்காததோ வீட்டில் ஒரு ஜோடி இருக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் எல்லாம் கம்பெனிக்குப் போய்விட வேண்டும் என்றார். அவர் ஒருவரால் எல்லாவற்றையும் அள்ள முடியவில்லை. அம்மா தன் மூட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இருட்டுகிற நேரத்துக்கு அம்மா திரும்பி வந்தாள். மூட்டை அவள் கையிலேயே இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் வெறும் தலையை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அவருக்குப் பின்னாலேயே அப்பா வந்தார். ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் தம்பி வெட்டுப் போட்ட தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், நல்ல தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறான், கேட்டில் பிடித்துவிட்டார்கள், அவனே ஒத்துக்கொண்டானாம் என்று.

அப்பா அன்று பேசிய பேச்சை எழுத எனக்கு விருப்பமில்லை. நம் வீட்டில் தோல் சுமந்தவன் உண்டு, திருடினவன் கிடையாது என்பதில் தொடங்கி வெகுதூரம் போனார். சித்தப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவேயில்லை. எப்போதும் குறுக்கே புகுந்து சித்தப்பாவுக்காகப் பேசுகிறவள் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் கத்தல் அடங்கி அவர் வெளியே போன பிறகு எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு பேச்சு நடந்தது. அதை இப்போது சொல்ல மனசு வரவில்லை, பிறகு சொல்கிறேன்.

நாட்றம்பள்ளிக்கு யாரும் போகவில்லை. தரகர் வந்து போட்டோவைத் திருப்பிக் கேட்டார், அது தொப்பியோடு கம்பெனியிலேயே போய்விட்டிருந்தது. எந்த ஷூ கம்பெனியிலும் சித்தப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆம்பூரில் ஒரு கேட்டில் நடந்தது மறுநாளே மற்ற எல்லாக் கேட்டுக்கும் தெரிந்துவிடும். ஆள் யார் என்று கேட்காமல் வேலை கொடுக்கிற இடம் ஒன்றுதான் இருந்தது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், ஊறின பச்சைத் தோலைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுமக்கிற வேலை. கோட்டையும் பூட்ஸையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். லுங்கியும் பனியனுமாகப் போனார். சாயங்காலம் வரும்போது தலைமுடி கழுத்தோடு ஒட்டியிருக்கும், பனியன் முதுகில் ஈரமாக இருக்கும். நான் கிட்டே போக மாட்டேன். அவரும் கிட்டே கூப்பிட மாட்டார்.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியது. அதுவரை அப்பாவுக்குத்தான் அம்மா முதலில் சோறு போடுவாள். அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு. கறி எடுத்தால் நல்ல துண்டு அவர் தட்டில்தான் விழும். அப்பா முறைப்பார், அம்மா கண்டுகொள்ள மாட்டாள். திருடிவிட்டு வந்தவருக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று எனக்கே ஒரு பொறாமை. இன்னொன்று, அம்மா என்னை ஊசியைத் தொட விடவில்லை. மூட்டை மறுபடி வர ஆரம்பித்தது, தெருவில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து தைத்தார்கள், எனக்கு மட்டும் புத்தகம். தண்டனை என்று நினைத்தேன். எந்தத் தப்புக்கு என்றுதான் தெரியவில்லை.

பத்து வருஷம் ஓடிற்று. அம்மா கையில் திணித்த புத்தகம் எப்படியோ தலையில் ஏறி, டிப்ளமா முடித்து, வேறொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்தேன். முதல் வாரம் சூப்பர்வைசர் ஒரு கோட்டை என் முன்னால் போட்டு, கையில் கத்தியைக் கொடுத்தார். காலரில் கறை, கழித்தாயிற்று, வெட்டு என்றார். எதற்கு சார் என்று கேட்டேன். "வெட்டலேன்னா நாளைக்கு எவனாச்சும் இதப் போட்டுக்கினு கேட்ல வந்து நிப்பான். இது கழிச்சதா, களவாண்டதான்னு எத வெச்சும்மா சொல்றது?" என்றார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. நாலு விரல் நீளத்துக்கு வெட்டினேன். கத்தி தோலுக்குள் போன சத்தத்தில்தான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் புரிந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி சொன்னாள்.

மறுநாள் வர வேண்டிய ஆடிட்காரர்கள் அந்தத் திங்கட்கிழமையே வந்துவிட்டிருந்தார்கள். கேட்டில் ஒரு வெள்ளைக்காரம்மாவும் மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரியும் நின்று செக்கிங்கை வேடிக்கை பார்த்தார்கள். மூட்டையோடு கிட்டே வரக் கூடாது என்று ஏஜென்ட் விரட்ட, அம்மா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒதுங்கி நின்றாள். பேக்கிங்கில் தொப்பிக் கணக்கு வேறு குறைந்திருக்கிறது. சித்தப்பாவை நிறுத்தி, ரெஜிஸ்டரைப் பார்த்து, வெட்டு எங்கே என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே வெட்டு இல்லை. அவரே திருப்பிப் பார்த்திருக்கிறார். பெருவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, தலை நிமிர்ந்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்திருக்கிறார்.

"ஒன் தையலுன்னு அங்க இருந்தே எனக்குத் தெரிஞ்சி போச்சி" என்றாள் அம்மா. "வேற யாருக்கு வரும் அந்தத் தையலு."

தொப்பியை வாங்கிப் பார்க்க வெள்ளைக்காரம்மா கையை நீட்டியிருக்கிறாள். நான் ஒட்டின பட்டையைப் பிரித்தால் உள்ளே தேன் கலர் நூல். அந்த ஷூ ஆர்டருக்கென்று வந்த நூல், கம்பெனிக்கு வெளியே இருக்கவே கூடாத நூல். வீட்டுக்குத் தையல் கொடுத்தால் பிள்ளைகளும் கை வைக்கும் என்பதால் வாங்குகிறவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. நாங்கள் வெளியே கொடுப்பதே கிடையாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அதைத்தான் அவர்கள் சோதிக்க வந்திருந்தார்கள். இந்த நூல் உன் வீட்டுக்கு எப்படி வந்தது, யார் தைத்தது என்று கேட்டால், சித்தப்பாவின் கை தைக்காது என்று அந்தக் கம்பெனியே சொல்லும். பத்து வயதுப் பிள்ளை தைத்தது என்று வெளியே வந்தால் எங்கள் தெருவுக்கு மறுநாளிலிருந்து மூட்டை வராது. பெரிய பெரிய ஆட்கள் வந்து என்னையும் விசாரிப்பார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டவனின் தொப்பியை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

"நீ இன்னா பண்ணேம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூட்டைய முந்தானையால மூடிக்கினேன்" என்றாள். "அவன் அதப் பாத்தான். பாத்துட்டு, ஆமா சார், மாத்திட்டேன்னு சொல்லிட்டான்."

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சித்தப்பா இப்போதும் எங்கள் வீட்டுப் பின்அறையில்தான் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. முதல் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்து, சென்னையிலிருந்து ஒரு கவ்பாய் தொப்பி வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். "எனக்குத் தல சின்னதாப் போச்சி பாப்பா, நீயே வெச்சிக்கோ" என்றார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைப் பேச்சை இனிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வெளியே போனதும் நான் சித்தப்பாவிடம் போய் உட்கார்ந்து, தொப்பி எங்கே என்று கேட்டேன். கம்பெனியில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்குப் பதைத்துப் போயிற்று. "பின்னாடி பாத்தியா சித்தப்பா? வெட்டு தெரிஞ்சிச்சா?" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல பாப்பா. தெரியவே இல்ல" என்றார். அவ்வளவுதான். யார் தைத்தது என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லி, விரலைக் குத்திக்கொண்டு, நான் தைத்துக் கொடுத்த தொப்பியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தப்புதான் பாப்பா, உன்னக் கேக்காம குடுத்துட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார். நானும் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, போனால் போகிறது என்று மன்னித்தேன்.